இனிக்கிறது என்று சொன்ன விரல்

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பாலகிருஷ்ணனின் வலது ஆள்காட்டி விரலில், ரப்பர் விலை உச்சத்தில் இருந்த ஐம்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசி மாதத்திலிருந்து, நாளுக்கு ஒரு தோல் வீதம் கூடுதலாக வளர்ந்தது. தோலுக்கு மேல் தோல், அதற்கு மேல் இன்னொரு தோல். தீபாவளிக்கு அந்த விரலில் மோதிரம் ஏறவில்லை. கார்த்திகையில் பேனா பிடிக்க முடியவில்லை. பொங்கலுக்குள் அது மரவள்ளிக்கிழங்கு பருமனாகிப் பக்கத்து விரல்களையும் சேர்த்துக்கொண்டது. கிராணியார் இடது கையால் பெயர் எழுதப் பழகினார். விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு வந்தவர்கள், ராத்திரி மழை பெய்ததா, இன்றைக்குப் பால் வெட்டு உண்டா என்று கேட்ட அதே வாயால், கிராணியின் விரல் இன்றைக்கு எவ்வளவு என்றும் கேட்டுக்கொண்டார்கள். மலாக்காப் பக்கத்தில், நியாலாஸிலிருந்து ஆறாவது மைல்கல்லில் இருந்த அந்தத் தோட்டத்தில் அதற்குமேல் யாரும் வியப்படையவில்லை. அவசரகாலம் வந்து, வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, சோற்றுக்குக் காவல் வைத்திருந்த காலம். வியப்படைகிற வேலையை எல்லாரும் அதிலேயே முடித்திருந்தார்கள்.

காரணம் முனியாயிக்குத் தெரியும். அவள் நாலாவது வரிசை வீட்டுக்காரி, நாகமுத்துவின் மனைவி. பகலில் ரப்பர் பால் வெட்டுவாள். அதற்கும் முன்னால், இருட்டு பிரிகிற நேரத்தில், வீட்டுப் பின்னால் நிற்கிற பப்பாளி மரத்தில் பால் எடுப்பாள். அது ரப்பரைப் போலத் தண்டில் வெட்டி எடுக்கிற பால் இல்லை. மரத்திலேயே தொங்குகிற பச்சைக் காயின்மேல் மூங்கில் சில்லால் மேலிருந்து கீழாக நாலு கீறல் போட வேண்டும். ஆழமாகக் கீறினால் காய் அழுகும். இரும்பு பட்டால் பால் கறுத்து, செத்துப்போகும். சொட்டுகிறதைச் சிரட்டையில் பிடித்து, கண்ணாடித் துண்டில் ஊற்றி வெயிலில் காய வைத்தால் பொருக்குப் பொருக்காக மாவு உதிரும். கால் ஆணி, மரு, காய்ப்பு எதுவானாலும் அந்த மாவைக் குழைத்துப் போட்டால் செத்த தோலைத் தின்றுவிட்டு உயிருள்ள தோலின் வாசலோடு நின்றுகொள்ளும். கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். கிழட்டு ஆட்டுக்கறியையும் அதில் ஒரு சிட்டிகைதான் வேகவைத்தது. பத்து வருஷம் அந்தப் பாலில் புழங்கியதில் முனியாயியின் விரல் ரேகைகள் அழிந்து, நுனிகள் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தன. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் அவள் அதுவரைக்கும் நினைத்திருந்தாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிராணி வீட்டைத் தாண்டும்போது சைக்கிளில் போகிறவன் இறங்கி உருட்டிக்கொண்டு போய், வேலி முடிந்த பிறகுதான் ஏற வேண்டும். கிராணி வீட்டில் இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும்; அவருடைய நாற்காலி இருக்கிறதல்லவா. நாகமுத்து சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட இறங்கவில்லை. சண்டைக்கு நிற்கிற ஆளும் இல்லை அவர். கேட்டால், இறங்கி ஏறினால் செயின் கழன்றுவிடுகிறது என்பார். அந்தச் செயின் ஒரு நாளும் கழன்றதில்லை என்பது தோட்டத்துக்கே தெரியும், பாலகிருஷ்ணனுக்கும் தெரியும். அவர் அதை இரண்டு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தார்.

அவசரகாலச் சட்டப்படி ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குப் போகிற சாப்பாடு. வேலி வாசலில் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜண்டு ஒவ்வொருவர் மடியையும் தூக்குச்சட்டியையும் சோதித்தான். அவனுக்குத் தமிழை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல கிராணி பக்கத்தில் நின்றார். அன்றைக்கு மேல் டிவிஷனில் கால் ஆணியால் நடக்க முடியாமல் கிடந்த சுப்பம்மாவுக்கென்று நாகமுத்து பப்பாளி மாவு கொண்டுபோனார். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று அதைப் போட்டிருந்தது பழைய பால்மாவு டின்னில். சார்ஜண்டு மூடியைத் திறந்து இது என்ன என்றான். மருந்து என்றார் நாகமுத்து. சார்ஜண்டு கிராணியைப் பார்த்தான்.

பாலகிருஷ்ணனுக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கழுத்து மருவைக் கரைத்ததே முனியாயிதான். ஆனாலும் ஆள்காட்டி விரலை மாவில் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது, சுள்ளென்று குத்தியது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "இனிக்குது தொரை, பால்மாவு" என்று தமிழில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் சொன்னார். தமிழில் சொன்னது நாகமுத்துவுக்காக.

வரிசையில் நாலு ஆள் தள்ளி நின்ற முனியாயி கேட்டாள்: "இனிச்சிச்சா, கிராணியாரே?"

"இனிச்சிச்சு."

"சரி. அந்த வெரலு உங்களுக்கே இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. நாகமுத்துவை லாரியில் ஏற்றினார்கள். டின்னை நூல் கட்டி அரக்கு வைத்து நியாலாஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஸ்டேஷனில் பிடிபட்டு வந்த அரிசி, சர்க்கரை, மீன் டின் எல்லாவற்றையும் எறும்பு தின்றது. அந்த டின் பக்கம் மட்டும் ஓர் எறும்பும் போகவில்லை. எறும்புக்குத் தெரிந்ததை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் முனியாயி ஆறு மைல் நடந்து ஸ்டேஷனுக்குப் போய், அது மருந்து, கிராணி சொன்னது பொய் என்றாள். ஒரு ரைட்டர் அதை அழகாக எழுதி, கட்டைவிரலில் மை தடவி, காகிதத்தில் அழுத்தினான். வெறும் கறுப்புப் பொட்டு விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினான், இன்னும் பெரிய பொட்டு. ரேகை இல்லாத வாக்குமூலம் செல்லாது என்று காகிதத்தைக் கிழித்துப்போட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். புருஷனைக் காப்பாற்ற இனி ஒரே ஒரு வாய்தான் உண்டு, அது பாலகிருஷ்ணனின் வாய் என்று நியாலாஸ் பாலத்தில் நின்றபோது அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து பப்பாளி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரெசர் அல்போன்ஸ், எதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் நம்பாத மனிதர். கிராணியின் விரலிலிருந்து ஒரு துண்டைச் சீவி எடுத்துப் பூதக்கண்ணாடியில் அடுக்குகளை எண்ணினார். எண்பத்தேழு. நாள்காட்டியில் எண்பத்தேழு நாள் பின்னால் போனார். வேலி வாசல் சோதனை நாளில் வந்து நின்றார். அதை எழுதிக்கொண்டு, கிராணியை மலாக்கா டவுனுக்கு அனுப்பிவைத்தார். தோல் என்பது புரதம், அது தேவைக்குமேல் உண்டாகிக் கரையாமல் சேர்கிறது, ஏனென்று தெரியவில்லை, வேறு எங்கும் கண்டதில்லை என்று அங்கே ஒரு டாக்டர் நேர்மையாகவே சொல்லிவிட்டு ஒரு களிம்பு கொடுத்தார். களிம்பு தீர்ந்தது, தோல் தீரவில்லை. அல்போன்ஸ் நாலு சாசரில் நாலு துண்டு தோலைப் போட்டார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட், ஒன்றில் முனியாயி முன்பு கொடுத்து மிச்சமிருந்த பப்பாளிப் பால். மத்தியானத்துக்குள் நாலாவது சாசரில் தோல் இல்லை, கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. பக்கத்துக் கம்போங்கில், மலாய்க்காரர் கிராமத்தில், நின்ற பப்பாளி மரங்களின் பாலையும் வாங்கிப் பார்த்தார். அவை தோலை நனைத்தன, கரைக்கவில்லை. முனியாயியின் மரத்துப் பாலும், அந்த மரத்து விதையில் முளைத்து ஆபீஸ் பின்னால் நின்ற ஐந்து மரங்களின் பாலும்தான் கரைத்தன. மூன்று தடவை சோதித்து, காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டார்.

ஐந்து மரம் கையில் இருக்கும்போது முனியாயியிடம் ஏன் போக வேண்டும் என்று நினைத்தார் பாலகிருஷ்ணன். இருபது வருஷம் ரப்பரையே பார்த்த கண். மரமென்றால் வெட்டினால் வடியும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காயில் கீறிச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பது பெண்பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்லி, நல்ல கை உள்ள இரண்டு ஆள்களைக் கூப்பிட்டு, ஐந்து தண்டிலும் பால் வெட்டுக் கத்தியால் சாய்வாகப் பட்டை எடுத்து, தகரக் குழாய் அடித்து, கோப்பை கட்ட வைத்தார். தோட்டத்துக்காரன் ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. கோப்பையில் கறுத்த தண்ணீர் ஒரு விரற்கடை சேர்ந்தது. பப்பாளித் தண்டு உள்ளே வெறும் கூடு. நாலாம் நாள் வெட்டு வழியாக அழுகி, ஆறாம் நாள் ஐந்து மரமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அன்றிலிருந்து முனியாயி தன் மரத்தடியில் பாய் போட்டு, தலைமாட்டில் வெட்டுக்கத்தி வைத்துக்கொண்டு படுத்தாள். யாரும் வரவில்லை.

அல்போன்ஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "இந்தா பாரு முனியாயி, கிராணிக்குத் தோலு முழங்கை வரைக்கும் போயிருச்சு. ஒன் கிட்டதான் மருந்து இருக்கு."

"இருக்கு டிரெசரய்யா. நான் இல்லைன்னா சொன்னேன்? ஸ்டேசனுக்குப் போயி கசந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் கரைச்சு விடுறேன்."

"சொன்னா அவர உள்ள வச்சிருவானுங்கம்மா. பொய் சாட்சின்னு."

"வைக்கட்டுமே. என் வீட்டுக்காரர வைக்கலையா?"

பாலகிருஷ்ணன் சொல்லவில்லை. ஜெயிலைவிடத் தோல் மேல் என்று ஐம்பத்திரண்டாம் ஆண்டு முழுவதும் எண்ணினார். ஆடியில் தோள் மூடியது. புரட்டாசியில் ஆபீஸ் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது. நடந்தால் காய்ந்த தோல் ஒன்றோடொன்று உரசி வண்டிச் சத்தம் கேட்டது. முனியாயி தினமும் சாயங்காலம் தண்ணீர்க் குழாய்க்குப் போகிற சாக்கில் அவர் வீட்டு வழியாகப் போய், இன்றைக்கு எதுவரை என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள். புருஷன் போன நாளிலிருந்து தொண்டையில் நின்ற சோறு அவளுக்கு இறங்கத் தொடங்கியது. உடம்பு கொஞ்சம் பூசிக்கூட வந்தது. கிராணியின் மனைவி பாக்கியலட்சுமி ஒரு நாள் குழாயடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முனியாயி கையை உருவிக்கொண்டு, "நான் அழுதப்போ ஒங்க வீட்டுல ரேடியோ பாடுச்சு, அம்மா" என்றாள். குடம் நிறைந்ததும் போய்விட்டாள். அவளுக்கு அது நல்ல வருஷம். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதக் கடைசியில், நாகமுத்து அடைபட்டிருந்த கேம்ப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாசி பிறந்து எட்டாம் நாள் நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பப்போகிறார்கள், இனி வர முடியாது, பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். பத்து நாள் இருந்தது. முனியாயி கடிதத்தோடு நேராகக் கிராணி வீட்டுக்கு ஓடினாள். பாலகிருஷ்ணன் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள் மேலுதட்டுத் தோலும் கீழுதட்டுத் தோலும் சேர்ந்து மூடிவிட்டன. ஓர் ஓரத்தில் விரல் நுழைகிற ஓட்டை மட்டும் இருந்தது. பாக்கியலட்சுமி அதில் பப்பாளி இலைக் காம்பைச் சொருகி, அந்தக் குழாய் வழியே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்றாராம்" என்றாள் பாக்கியலட்சுமி. "ஒரு மாசமா சொல்றேன்னுதான் சொன்னாரு. நீதான் இன்னும் கொஞ்சம் வளரட்டும்னு சொல்லியனுப்பிச்ச."

அது உண்மை. மார்கழிக் கடைசியில் கிராணி இறங்கி வந்தார். சொல்கிறேன், மருந்து கொண்டு வா என்று ஆள் விட்டார். கழுத்துக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முனியாயி ஆளைத் திருப்பி அனுப்பினாள். கெஞ்ச வைத்துக் கேட்கிற சுகம் அப்படி. இப்போது அவள் மரத்துக்கு ஓடினாள். காயெல்லாம் கீறினாள். மரத்தில் இருந்தது மொத்தம் ஒன்பது காய். மூன்று நாள் விடாமல் தடவி, சுரண்டி, தடவியதில் நாலாம் நாள் காலை உதடு பிரிந்தது. பாலகிருஷ்ணன் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "கசந்துச்சு முனியாயி. இன்னமும் கசக்குது" என்றார்.

ஸ்டேஷன் அதிகாரிக்கு ஆள் விட்டார்கள்; அவர் வேலி வாசலுக்குத்தான் வருவேன் என்றார். கிராணியை லாரியில் நிற்க வைத்துக் கொண்டுபோய் வாசலில் இறக்கினார்கள். தெளிவாகச் சொன்னார், இங்கிலீஷிலேயே சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் டைப் அடித்து, கையெழுத்து கேட்டார். கை இல்லை. சரி, கட்டைவிரல் ரேகை என்றார். கட்டைவிரல் மூன்று அங்குலத் தோலுக்கு அடியில் இருந்தது. பால் முழுவதும் வாய்க்கே போயிருந்தது. கீறிய காய் மறுபடி பால் ஊற ஐந்து நாள் வேண்டும். முனியாயி மரத்தடியில் உட்கார்ந்து காய்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் விடியலில் பால் எடுத்து, மத்தியானத்துக்குள் கட்டைவிரலைத் தோண்டி எடுத்தாள். குழந்தை விரல்போல் சிவந்து, ரேகை பளிச்சென்று இருந்தது. அதிகாரி மையைத் தடவி அழுத்தினார். அழகாக விழுந்தது. கப்பல் அன்று காலையிலேயே போய்விட்டது.

மார்கழியிலேயே பால் கொடுத்திருந்தால் என்று முனியாயி ஒரே ஒரு தடவை நினைத்தாள். அந்த நினைப்பை இரண்டாம் தடவை வர விடவில்லை. அதையும் சேர்த்துக் கிராணியின் தலையிலேயே போட்டாள்.

பாலகிருஷ்ணனை வாசலிலிருந்து திரும்ப எடுத்துவர முடியவில்லை. ரேகைக்காக அங்கேயே காத்து நின்ற ஐந்து நாளில் பாதத் தோல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து அசைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை மேலே இரண்டு தகரம் போட்டுக் கொடுத்தார். பொய் சாட்சிக்காக அவரைக் கைது செய்ய வந்தவர்களும் லாரியில் ஏற்ற முடியாமல், இருக்கிற இடத்திலேயே காவலில் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள்.

"சொல்லிட்டாரே முனியாயி. இனிமே கரைச்சு விட்டுரும்மா" என்றார் அல்போன்ஸ்.

"சொன்னாரு. ஒரு நாள் சொன்னாரு. பொய்யும் ஒரு நாள்தான் சொன்னாரு, அது எத்தன நாள் நிக்குது பாருங்க."

மறுநாளிலிருந்து பெரட்டு அந்த வாசலில்தான் நடந்தது. முனியாயி நாளுக்கு ஒரு காயாக முறைவைத்துக் கீறி, சிரட்டையில் நாலு சொட்டுப் பாலோடு வருவாள். உதட்டில் மட்டும் தடவுவாள், ஒரு நூல் அகலம் அதிகமில்லை. உதடு பிரியும். ஆள்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, பாலகிருஷ்ணன் சொல்வார்: "அது பப்பாளி மாவு. கசந்துச்சு. இனிக்குதுன்னு நான் பொய் சொன்னேன்." அப்புறம் பாக்கியலட்சுமி கஞ்சி ஊட்டுவாள். சாயங்காலத்துக்குள் வாய் மூடிக்கொள்ளும். மழையென்று ஒரு நாள் விட்டதில்லை, தீபாவளியென்று விட்டதில்லை. துரைமார் மூன்று பேர் மாறினார்கள். சுதந்திரம் வந்த அன்றைக்கு நியாலாஸ் பள்ளிக்கூடத்தில் கொடி ஏறிய அதே நேரத்தில் இங்கே அவர் சொன்னார். பிள்ளைகள் பேசப் பழகும்போது அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாக அந்த வாக்கியத்தைத்தான் பழகின. அல்போன்ஸ் ஒன்பது நோட்டுப் புத்தகம் எழுதி முடித்து, ஒரு பிரதியை டவுன் டாக்டருக்கு அனுப்பினார். தாவரப் பால் புரதத்தைக் கரைக்கும் என்பது கவனிக்க வேண்டியது என்று பதில் வந்தது.

ரேகை வைத்த காகிதம் மட்டும் மேசை மேசையாக நடந்து, ஏழு வருஷம் கழித்து ஒரு மேசையில், நாகமுத்து திரும்பி வரலாம் என்று முத்திரை வாங்கியது. அறுபதாம் ஆண்டு ஆடியில் அவசரகாலம் முடிந்தது. முள்வேலியைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசல் போய்விட்டது, கிராணி நின்றார். புரட்டாசியில் ஒரு நாள் விடிகிற நேரம், பெரட்டு நடந்துகொண்டிருக்கும்போது, நியாலாஸ் பக்கமிருந்து இரவல் சைக்கிளில் ஒரு நரைத்த ஆள் வந்தார். பின்னால் ஒரு பெட்டி, அதன்மேல் அரக்கு உடையாத பழைய பால்மாவு டின். முனியாயி சிரட்டையைக் கீழே வைக்கவில்லை. தடவிக்கொண்டிருந்த உதட்டைத் தடவி முடித்தாள். வாய் பிரிந்தது, பாலகிருஷ்ணன் எதிரில் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை தடுமாறாமல், எல்லாவற்றையும் சொன்னார்.

நாகமுத்து சைக்கிளை விட்டு இறங்கினார். வரிசையில் சலசலப்பு எழுந்தது. அந்த மனிதர் கிராணி முன்னால் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"என்ன, செயின் கழண்டுருச்சா?" என்றாள் முனியாயி. ஒன்பது வருஷம் கழித்து அவள் கேட்டது அதைத்தான்.

"இல்லம்மா. சாத்தி வைக்க ஒரு எடம் வேணுமே" என்று சொல்லி, நாகமுத்து சைக்கிளைப் பாலகிருஷ்ணன்மேல் சாத்தினார். ஹேண்டில் சரியாமல் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "போதும் முனியாயி, அந்த ஆள விட்டுரு" என்றார். "உங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மறுநாள் விடியலில் மரத்துக்குப் போய் நாலு கீறல் போட்டு, நாலு சொட்டுப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குள் தோட்டத்து ஆள்கள் நாலைந்து பேர் தங்கள் சைக்கிளையும் கிராணிமேல் சாத்திவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். ஒரு ஹேண்டில் அவருடைய வாயை மறைத்துக்கொண்டிருந்தது. முனியாயி அதைச் சற்று நகர்த்திவிட்டு, உதட்டில் பாலைத் தடவினாள்.